கடலைப் பிரித்தார்கள் – பங்கை மறந்தார்கள்!

கடலுக்கு வேலி போட்டவன் உலகில் எவனும் இல்லை. ஆனால் கடலின்மீது கோடு கிழித்தவர்கள் உண்டு. கோடு கிழித்த மறுநாளே, "இனி இது எமது, அது உமது" என்று கொடியேற்றி, முரசறைந்து, விழாக் கொண்டாடியவர்களும் உண்டு. கொடி பறந்தது. முரசு முழங்கிற்று. கரையிலே உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. "கடல் யாருடையது என்று சொல்லிவிட்டீர்கள், மகிழ்ச்சி! அதிலே என் பங்கு எவ்வளவு?" என்பதுதான் அவன் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம், தோழர்களே!

ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து, "எங்கள் கடலை நாங்களே ஆளப்போகிறோம்" என்ற முழக்கத்தோடு வெளியேறிய நாடு பிரிட்டன். அதே பிரிட்டன், 2025ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், தான் விட்டு வந்த அதே கூட்டமைப்போடு உடன்பாடு செய்துகொண்டது. ஐரோப்பியப் படகுகள் பிரிட்டனின் கடலில் 2038ஆம் ஆண்டு ஜூன் 30 வரை மீன்பிடிக்கலாம் என்பது அந்த உடன்பாட்டின் ஒரு பகுதி. ஒன்பதாண்டு ஆரவாரத்துக்குப் பிறகு, இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் கதவு திறந்தே இருக்கும்!

"இலண்டன் எங்கே, கும்மிடிப்பூண்டி எங்கே? ஆங்கிலேயன் மீன் பிடித்தால் நமக்கென்ன, பிடிக்காவிட்டால் நமக்கென்ன?" என்று சிப்காட் ஆலை வாயிலில் நிற்கும் தோழர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவர் நிற்கும் இடத்திலிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரி. அந்த ஏரியும் ஒரு காலத்தில் ஒரே ஆட்சியின்கீழ் இருந்து, பிறகு இரண்டு அரசுகளுக்கு நடுவே பங்கிடப்பட்டதுதான். அங்கே வலை விரித்தவனின் மகன்தான், ஏரி கைவிட்டபோது, ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலியாக வந்து நிற்கிறான். ஆகவே இது வெள்ளைக்காரன் வீட்டுக் கதை மட்டுமல்ல, நம் வீட்டுக் கதையும்கூட. முதலில் பெரிய கடலின் கதையைப் பார்ப்போம். பிறகு நம் ஏரிக்கு வருவோம்.

சேர்ந்த கதை

பிரிட்டன் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது 1973 ஜனவரி முதல் நாள். அது வந்து கதவைத் தட்டிய 1970ஆம் ஆண்டிலேயே, உள்ளே இருந்த ஆறு நாடுகள் ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டன. 'உறுப்பு நாடுகளின் கடல் எல்லா உறுப்பு நாடுகளின் படகுகளுக்கும் பொது' என்பது அந்த விதி. ஆறு நாடுகளில் ஒன்றான லக்சம்பர்க்குக்குக் கடலே கிடையாது! கடல் இல்லாத நாடும் சேர்ந்து, கடலையே நம்பி வாழும் நாடு வருமுன்னே, கடல் பொது என்று எழுதி வைத்த சாமர்த்தியத்தை என்னென்பது! அதே நேரத்தில் அழைக்கப்பட்ட நார்வே நாட்டு மக்கள், 1972ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மீனவர்களின் அச்சம் அந்த முடிவுக்கு ஒரு பெருங்காரணம். பிரிட்டனோ கையெழுத்திட்டது.

1983ஆம் ஆண்டு, யாருக்கு எவ்வளவு மீன் என்று பங்கு பிரித்தார்கள். ஒவ்வொரு வகை மீனிலும் ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று உச்ச அளவு வைத்து, அதை நாடுவாரியாகக் கூறுபோட்டார்கள். எந்தக் கணக்கை வைத்து? 1973 முதல் 1978 வரை எந்த நாடு எவ்வளவு பிடித்தது என்ற பழைய கணக்கை வைத்து! விளைவு என்ன தெரியுமா? இங்கிலீஷ் கால்வாயின் கிழக்குப் பகுதியில் கிடைக்கும் காட் மீனில் பிரான்சுக்கு 84 விழுக்காடு, பிரிட்டனுக்கு 9 விழுக்காடு. கால்வாயின் பெயர் 'இங்கிலீஷ்', மீனோ பிரெஞ்சு!

எனவே பிரிட்டிஷ் மீனவன் கொதித்தான். அவன் கொதிப்பில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். தன் வாசலில் விளையும் பொருளில் தனக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தக் கோபத்தை யார் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள், ஊர்வலம் முடிந்ததும் அதை எங்கே இறக்கி வைத்தார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

பிரிந்த கதை

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் வாக்கெடுப்பு. வெளியேறவேண்டும் என்றவர்கள் 51.9 விழுக்காடு. 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தனி மீன்வளச் சட்டம் இயற்றினார்கள். டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸ் முந்தின நாள், ஐரோப்பாவோடு வணிக ஒப்பந்தம் முடிந்தது. அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழிலின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை, ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கு. ஆனாலும் கடைசி நாள்வரை பேரம் நடந்தது மீனைப் பற்றித்தான். மீனவன் சிறியவன்தான், ஆனால் மேடையில் அவன் பெயர் பெரியது!

ஒப்பந்தத்தில் கிடைத்தது என்ன? பிரிட்டனின் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடித்துவந்த மீனில், மதிப்பின்படி கால் பங்கு, 2026க்குள் படிப்படியாகப் பிரிட்டனுக்கு மாறும். மீதி முக்கால் பங்கு? பழையபடிதான். வெளியாரை வரவே விடாமல் கதவை அடைக்கும் உரிமை? அது 2026 ஜூன் வரை ஒத்திவைப்பு. கரைக்கு அருகே 6 மைலுக்கும் 12 மைலுக்கும் இடைப்பட்ட கடலிலிருந்து அந்நியப் படகுகளை அகற்றுவோம் என்றார்களே, அது? தென்கரையில் வழக்கமாக வந்தவர்கள் தொடர்ந்து வந்தார்கள். 2026 வந்தால் கதவு மூடும் என்று காத்திருந்தவனுக்கு, 2025ஆம் ஆண்டே 2038 என்று தேதி மாற்றிக் கொடுத்தார்கள்.

நல்லதே நடக்கவில்லையா? நடந்தது. நடந்ததை மறைப்பது நம் வழக்கமல்ல. ஒரு நாடு தன் கடலின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டால் சில காரியங்களைத் தானே செய்யமுடியும் என்பதற்குச் சான்று கிடைத்தது. வடகடலில் 'டாகர் பேங்க்' என்ற மணல் திட்டில், கடல் தரையை வாரிச் சுரண்டும் இழுவலையை 2022ல் தடுத்தார்கள். கடற்பறவைகளுக்கு இரையான மணல்விலாங்கு என்னும் சிறுமீனைப் பிடிப்பதை, 2024 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வடகடலில் நிறுத்தின. ஐரோப்பியக் கூட்டமைப்பு வழக்காடியது. 2025 மே மாதம் வந்த நடுவர் தீர்ப்பில், இங்கிலாந்து முடிவெடுத்த முறையில் ஒரு குறை சொல்லப்பட்டது, ஸ்காட்லாந்தின் தடை நிலைத்தது. கூட்டமைப்பில் இருந்திருந்தால் இதற்குப் பல தலைநகரங்களின் தலையசைப்புக்குக் காத்திருக்கவேண்டும். இது ஆதாயம்தான்.

ஆனால் தனியே நின்றதால் கைவிட்டுப் போனதும் உண்டு. நார்வேயின் வடகோடிக் கடலில் காட் மீன் பிடிக்க, முன்பு கூட்டமைப்பு பேசி இடம் வாங்கித் தந்தது. பிரிந்தபின் பிரிட்டன் தனியே பேசிற்று. 2021ல் பேச்சு முறிந்தது. ஹல் துறைமுகத்தின் 'கிர்கெல்லா' என்ற பெருங்கப்பல் அந்தக் கடலில் வலை இறக்க வழியின்றி நின்றது. கடலை மீட்டோம் என்று ஒரு துறைமுகம் விழா எடுக்க, கடலை இழந்தோம் என்று இன்னொரு துறைமுகம் கண்கலங்கிற்று!

ஏட்டில் பெயர் இல்லாதவன்

இப்போது கேள்வியின் உயிர்நிலைக்கு வருகிறோம். வந்த கால் பங்கு யார் வீட்டுக்குப் போயிற்று?

பிரிட்டனுக்குக் கிடைத்த பங்கை உள்நாட்டில் பிரித்துக்கொடுப்பது ஐரோப்பா அல்ல, பிரிட்டன் அரசேதான். கூட்டமைப்பில் இருந்த காலத்திலும் அப்படித்தான். பிரிட்டன் எப்படிப் பிரித்தது? 1994 முதல் 1996 வரை எந்தக் கப்பல் எவ்வளவு பிடித்தது என்று பார்த்து, அந்த விகிதப்படி 1999ல் நிலையான பங்கு எழுதிக்கொடுத்தது. பெரிய கப்பல்களிடம் பதிவேடு இருந்தது. பத்து மீட்டருக்கும் குறைவான சிறு படகுக்காரன் பதிவேடு எழுதவேண்டும் என்று அப்போது சட்டமே கேட்கவில்லை. சட்டம் கேட்காததால் அவன் எழுதவில்லை. அவன் எழுதாததால் அவன் பிடித்தது கணக்கில் முழுதாக ஏறவில்லை!

ஆலைத் தோழருக்கு இதை விளங்கவைக்க நெடுநேரம் ஆகாது. "1994 முதல் 1996 வரை வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் இனி எந்நாளும் போனஸ்" என்று ஒரு ஆலை முதலாளி அறிவித்தால் எப்படி இருக்கும்? நிரந்தரத் தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரோ காண்டிராக்டரின் சட்டைப்பைக் குறிப்பேட்டில் இருக்கும். வியர்வை இருவருக்கும் ஒன்று, ஏடு மட்டும் வேறு! அந்த அநீதியைத்தான் கடலிலே செய்தார்கள்.

பிரிட்டனின் மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சிறு படகுகள். அவர்கள் கையில் இருக்கும் பங்கோ சிறு துண்டு. கால் பங்குக்கும் மேற்பட்ட உரிமை, பெரும் பணக்காரர் பட்டியலில் இடம்பெற்ற ஐந்தே குடும்பங்களின் கையில் இருப்பதாக 2018ல் வெளியான ஆய்வு அம்பலப்படுத்திற்று. பங்கை விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம் என்ற நிலை. கடலைப் பார்க்காமலே கடலின் விளைச்சலை உண்ணலாம்! தஞ்சையிலே மிராசு கண்டோம், தண்ணீரிலேயும் மிராசு கண்டோம்!

ஆகவே, வந்த கால் பங்கிலே பெரும்பகுதி, நடுக்கடலில் பெருங்கப்பல்கள் அள்ளும் கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் போன்ற மீன்களிலே வந்தது. கரையோரச் சிறு படகுக்காரனின் கூடையில் அது விழவில்லை. வாக்குக் கேட்கும்போது சுவரொட்டியில் ஒட்டப்பட்டது அவனுடைய சிறு படகு. வரவு வைக்கும்போது திறக்கப்பட்டது பெருங்கப்பலின் கணக்கு.

பிடித்தால் போதுமா, விற்கவேண்டாமா?

பிரிட்டிஷ் மீனவன் பிடிப்பதிலே பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் மக்கள் உண்பதில்லை. அவர்கள் உண்பதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. அவன் பிடிக்கும் இறால், நண்டு, சிங்கிறால், சிப்பி எல்லாம் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போய்த்தான் காசாகவேண்டும். ஒரே சந்தையாக இருந்தவரை லாரி நேரே போயிற்று. பிரிந்தபின், நலச் சான்று, சுங்கத் தாள், பிடிப்புச் சான்று என்று தாள்மேல் தாள்! மீன் தாளுக்காகக் காத்திருக்குமா? நாறிவிடாதா?

2021 ஜனவரியில், ஸ்காட்லாந்தின் மீன் வணிகர்கள் லாரிகளை ஓட்டிக்கொண்டுவந்து, இலண்டனில் அரசு அலுவலகங்களின் அருகே நிறுத்தி முறையிட்டார்கள். அரசு 2 கோடியே 30 லட்சம் பவுன் நிவாரணம் அறிவித்தது. சில கடற்பகுதிகளில் எடுக்கும் மட்டியையும் சிப்பியையும், கரையில் சுத்திகரிக்காமல் உயிரோடு ஐரோப்பாவுக்கு அனுப்பும் வழி அடைபட்டே போயிற்று. அதே ஆண்டு மே மாதம், ஜெர்சி தீவின் துறைமுகத்தைப் பிரெஞ்சுப் படகுகள் சூழ்ந்துகொண்டன. உரிமச் சீட்டில் எழுதிய நிபந்தனை பற்றிய தகராறு அது. இரண்டு போர்க்கப்பல்களை அனுப்பிற்று பிரிட்டன்! மீன் சண்டைக்குப் பீரங்கிக் கப்பல்!

தன் படகை நிறுத்தத் தனித் துறைமுகம் வைத்திருப்பவனும், மீனை விற்க அடுத்தவன் சந்தைக்குத்தான் போகவேண்டும். கடலைத் தருவதற்கு ஈடாகச் சந்தையைக் கேட்கலாம். சந்தையை இழந்துவிட்டுக் கடலை மட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது? 2025 உடன்பாட்டில் பிரிட்டன் செய்தது இந்தப் பண்டமாற்றுத்தான். உணவுப் பொருள் சோதனைத் தடைகளைத் தளர்த்துவதற்கு வழி பிறந்தது. கடல் பன்னிரண்டு ஆண்டுக்குத் திறந்தது. மீனவர் ஊர்களுக்கு 36 கோடி பவுன் நிதி என்று அறிவிப்பும் வந்தது. பேரம் தப்பு என்று நாம் சொல்லவில்லை. பேர மேசையில் மீனவனுக்கு நாற்காலி போடாமல் பேசியதைத்தான் தப்பு என்கிறோம்.

சின்னஞ்சிறு நாடு சொன்ன பாடம்

இதையே வேறு விதமாகச் செய்த நாடும் உண்டு. பனி மூடிய கிரீன்லாந்து! அன்றைய மக்கள்தொகை ஐம்பதாயிரம் அளவு. நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கூட்டம்கூட அதைவிடப் பெரிது. 1972ல் அங்கே பெரும்பான்மையோர் "வேண்டாம்" என்று வாக்களித்தும், டென்மார்க்கோடு சேர்த்து அவர்களையும் ஐரோப்பியக் கூட்டமைப்புக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். 1979ல் தன்னாட்சி பெற்றார்கள். 1982 பிப்ரவரி 23ல் வாக்கெடுத்தார்கள். 1985 பிப்ரவரி முதல் நாள் வெளியேறினார்கள். வெளியேறியதற்குத் தலையாய காரணம் மீன்!

ஆனால் அவர்கள் கதவைச் சாத்தி, திறவுகோலைக் கடலில் எறிந்துவிட்டுப் போகவில்லை. "எங்கள் கடலில் உங்கள் கப்பல் இவ்வளவு பிடிக்கலாம், அதற்கு இவ்வளவு பணம் கட்டவேண்டும், எங்கள் மீன் உங்கள் சந்தைக்கு வரியில்லாமல் வரவேண்டும்" என்று மூன்றையும் ஒரே மேசையில் வைத்து முடிச்சுப் போட்டார்கள். கடல், கட்டணம், சந்தை மூன்றும் ஒரே ஏட்டில் ஏறின. அங்கும் சிறு படகுக்காரனுக்கும் பெருங்கப்பலுக்கும் நடுவேயான பங்குத் தகராறு தீர்ந்துவிடவில்லை. ஆயினும், பிரிவது என்பது கோபத்தில் எழுந்து போவதல்ல, பிரிந்த பிறகு எப்படி வாழ்வது என்று முன்னதாக எழுதி வைப்பதே என்பதை அந்தச் சிறு நாடு உலகுக்குக் காட்டிற்று.

இனி நம் ஏரிக்கு வருவோம்

சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று அரசுத் துறை தோன்றியது 1907ல். அன்று பழவேற்காட்டு ஏரி முழுவதும் ஒரே மாகாணம். வடக்கே நெல்லூர் மாவட்டம், தெற்கே செங்கற்பட்டு மாவட்டம், மேலே ஒரே ஆட்சி. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. மொழிவழி மாநிலம் நியாயமான கோரிக்கை. அதை நாம் மனமார ஏற்றவர்கள். பிறகு எல்லைத் தகராறு எழுந்தது. பட்டாஸ்கர் பரிந்துரையின் பேரில், 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. கிராமம் கிராமமாக எண்ணினார்கள். மண்ணை எண்ணினார்கள், மலையை எண்ணினார்கள். துங்கபத்திரைத் தண்ணீருக்கு 1953 சட்டத்திலேயே இடம் இருந்தது. ஏரியில் வலை விரித்தவனோ கரையில் நின்று வேடிக்கை பார்த்தான்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. இன்று அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடிச் சிறு பகுதி நம்முடையது. ஆரணி ஆறு தமிழ்நாட்டுப் பக்கம் வந்து கலக்கிறது, காளங்கி ஆந்திரப் பக்கம் வந்து கலக்கிறது. கடல் நீர் உள்ளே வரும் முகத்துவாரத்தில் ஒன்று பழவேற்காட்டின் அருகே இருக்கிறது. அந்த வாய் மணலால் தூர்ந்தால், இறால் குஞ்சு உள்ளே வராது, மடவை வராது, கொடுவா வராது. ஏரி முழுவதும் இளைக்கும். எல்லைக் கோட்டுக்கு வடக்கே இருப்பவனும் இளைப்பான், தெற்கே இருப்பவனும் இளைப்பான். இறால் எந்த மாநிலத்தில் பிறந்தது என்று பிறப்புச் சான்று கேட்கமுடியுமா?

ஆனால் நிர்வாகமோ இரண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மீன்வளம் மாநிலப் பட்டியல். கரையிலிருந்து 12 மைலுக்கு அப்பாற்பட்ட கடல் மீன்பிடிப்பு மட்டும் ஒன்றியப் பட்டியல். ஆகவே ஏரிக்கு இரண்டு அரசுகள், இரண்டு துறைகள். கடல் மீன்பிடிப்புக்குத் தமிழ்நாட்டில் 1983ல் ஒரு சட்டம், ஆந்திரத்தில் 1994ல் ஒரு சட்டம். ஒரே ஏரியின் பறவைகளுக்கு ஆந்திரம் 1976லும் தமிழ்நாடு 1980லும் தனித்தனியே சரணாலயம் அறிவித்தன. பறவைக்கு இரண்டு அரசும் இடம் ஒதுக்கிற்று. மனிதனுக்கோ, ஏரி நடுவே எல்லை எது என்ற சச்சரவு, வலை பறிப்பு, படகு பிடிப்பு, பிறகு இரு பக்க அதிகாரிகள் கூடிச் சமாதானம், மறுபடியும் சச்சரவு! இரண்டு பக்கமும் அடிபடுகிறவன் ஏழை மீனவன்தான். ஒருவன் தமிழ் பேசுகிறான், ஒருவன் தெலுங்கு பேசுகிறான். பசிக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள்தான்!

பாடும் பங்கும்

இந்த ஏரிக்கரையில், எந்தச் சர்க்காரும் எழுதித் தராத ஒரு நிர்வாக முறை தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. அதற்குப் 'பாடு' என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய வளமான இடங்களில் இறாலுக்கு வலை கட்டும் உரிமையை, உரிமையுள்ள ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று உனக்கு, நாளை எனக்கு. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைப்பதில்லை, எல்லோருக்கும் சுற்றி வரும். பதிவேடு பார்த்துப் பங்கு எழுதிய பிரிட்டனுக்குத் தெரியாத சமநீதி, நம் பழவேற்காட்டுப் படகுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பங்கை ஒரு கோடீசுவரன் வாங்கிக் குவித்துவிடமுடியாது. இதை நாம் பெருமையோடு சொல்கிறோம்.

பெருமையோடு நின்றுவிடலாமா? கூடாது. அந்த முறையின் வாயிலிலும் ஒரு காவல் நிற்கிறது. எந்த ஊரில் பிறந்தவன், எந்தக் குலத்தில் பிறந்தவன் என்று அந்தக் காவல் கேட்கிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அந்தப் பாட்டில் இடம் இல்லை. பிற்காலத்தில் மீன்பிடிக்கு வந்த பிற ஏழைகளுக்கும் இடம் இல்லை. பெண்கள் கூடை சுமக்கிறார்கள், ஏலத்தில் குரல் கொடுக்கிறார்கள், பாட்டிலே அவர்களுக்குப் பங்கு கிடையாது. பிரிட்டனிலே பழைய பதிவேடு வாயிற்காவலன் என்றால், இங்கே பிறப்பு வாயிற்காவலன்! பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்கும் நாம், தண்ணீரில் மட்டும் அதைத் தளர்த்திவிட முடியாது. சுழன்று வரும் முறையைக் காப்போம், அதன் வாயிலை அகலத் திறப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் நீதி.

ஏரிக்கு இன்னொரு பக்கமும் நெருக்கடி. தெற்கே எண்ணூரில் 2001 முதல் இயங்கும் பெருந்துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம், அனல்மின் நிலையங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை மேலும் விரிக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. தொழில் வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாம். கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகளில் ஆயிரக்கணக்கான அடுப்புகளின் நெருப்பும் கலந்திருக்கிறது. ஆனால் ஒரு தொழிலாளியின் அடுப்பை மூட்ட இன்னொரு தொழிலாளியின் அடுப்பை அணைப்பது தொழில் வளர்ச்சி ஆகாது.

கச்சத்தீவு கற்பித்தது

எல்லைக்கோடு போடும்போது மீனவனைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழனுக்கு வேறு சான்றும் வேண்டுமா? 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவைக் கொடுத்தபோது, மீனவரும் பக்தரும் முன்போல் போய்வரலாம் என்று எழுதினார்கள். 1976ல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2ஆம் நாளும் தீவை மீட்கத் தீர்மானம் போடவேண்டிய நிலை. அரைநூற்றாண்டாக இராமேசுவரத்து மீனவன் சிறைபடுகிறான். நம் இழுவலையால் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவனின் வலையும் அறுபடுகிறது. கடலின் அந்தக் கரையிலும் நம் இனம், இந்தக் கரையிலும் நம் இனம். பேசித் தீர்க்கவேண்டிய இருவர் இருக்க, அவர்களை விட்டுவிட்டுத் தலைநகரங்கள் பேசின!

நாம் கேட்பது

இலண்டன், கிரீன்லாந்து, பழவேற்காடு, கச்சத்தீவு ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், தோழர்களே! நான்கும் ஒன்றையே சொல்கின்றன. கடலுக்கு எசமான் மாறுவது ஒரு நாள் வேலை. மீனவனின் பங்கு மாறுவது தனி வேலை. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடக்கும் என்று சொல்கிறவன், ஏமாந்தவனாக இருக்கவேண்டும் அல்லது ஏமாற்றுகிறவனாக இருக்கவேண்டும். மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். வந்த அதிகாரம் கரையிலே கடைசியாக நிற்பவனின் கைக்கும் போகவேண்டும் என்று கேட்பது அதைவிட நியாயம்.

ஆகவே, பழவேற்காட்டு ஏரிக்குத் தமிழ்நாடும் ஆந்திரமும் கூடி, சட்டப்படியான ஒரே மன்றம் அமைக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம். சிலிக்கா ஏரிக்கு ஒடிசா 1991ல் தனி ஆணையம் அமைத்தது. அங்கே ஒரே மாநிலம், ஆகவே எளிது. இங்கே இரண்டு மாநிலம், ஆகவே இன்னும் அவசியம். அந்த மன்றத்தில் அதிகாரிகள் மட்டும் அமர்ந்தால் போதாது. இரு கரை மீனவரும், இருளரும், மீன் விற்கும் பெண்களும் வாக்குரிமையோடு அமரவேண்டும். முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது, வலைக்கண் அளவு, ஓய்வுக் காலம் ஆகியவற்றை ஒரே முடிவாக எடுக்கவேண்டும். ஒவ்வொரு சிறு படகின் பிடிப்பும் அவன் பெயரிலேயே ஏட்டில் ஏறவேண்டும். நாளைக்கு எவனாவது ஒருவன் பங்கு பிரிக்க வந்தால், "உன் பெயர் பதிவேட்டில் இல்லையே" என்று சொல்ல அவனுக்கு வாய் இருக்கக்கூடாது!

கும்மிடிப்பூண்டித் தோழர்களுக்கு ஒரு சொல். சங்கத்தின் வலிமை என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறுவதற்கு நீங்கள் எத்தனை நாள் வாயிலில் நின்றீர்கள் என்பதும் தெரியும். ஏரிக்கரையில் நிற்பவன் உங்கள் அண்ணன், உங்கள் மைத்துனன். அவனுக்கு ஆலை வாயிலும் இல்லை, எதிரே நிற்க ஒரு முதலாளியும் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. அவன் கேட்கும் பங்குக்கு உங்கள் சங்கத்தின் குரலும் சேரட்டும். கோடு கிழிக்கிறவர்களின் காதில், பங்கு கேட்பவனின் குரல் முதலில் விழட்டும்!